குடிநோயாளருக்குத் துணை தேடிய வில்லியம் வில்சன்

உலகத்துப் பெரியோர் வரலாறுகளை மாணவர்க்கு எடுத்துரைக்குங்கால், பிறப்பாலும் கல்வியாலும் ஆற்றலாலும் உயர்ந்தோரையே நாம் பெரிதும் தெரிந்தெடுக்கின்றோம். இழிநிலையில் வீழ்ந்து, அவ்வீழ்ச்சியையே பிறர்க்கு உதவும் கருவியாக்கிக்கொண்ட ஒருவர் வரலாறு எளிதில் நம் கண்ணிற் படுவதில்லை. அமெரிக்க நாட்டிலே 1895 முதல் 1971 வரை வாழ்ந்த வில்லியம் கிறிபித் வில்சன் அத்தகையவர். குடிநோயர் ஒருவர்க்கொருவர் துணையாகக் கூடும் குழுக்களை உலகெங்கும் தோன்றச் செய்த இயக்கத்தின் முதல்வருள் ஒருவர் அவர். ஆயினும் தம் முழுப்பெயரையும் வெளிப்படக் கூறாது, பில் என்னும் சிறு பெயரோடும் குடும்பப் பெயரின் முதலெழுத்தோடும் உலவியவர்.

கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருபவன் யான். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள்கள் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும் முறை என்னைப் பலகாலும் சிந்திக்கச் செய்ததுண்டு. குடித்து மயங்கினானைக் காரணங் காட்டித் திருத்த முயல்வது பயனற்றது என்பது முன்னையது. தான் தெளிந்திருக்கும் வேளையிற் குடித்தான் ஒருவனைக் காண்பவன், தன் நிலையும் இதுவென எண்ணிப் பார்க்கமாட்டானோ என வினவுவது பின்னையது. புறத்தார் அறிவுரை செல்லாத இடத்திலும் தன்னையொத்த ஒருவனது காட்சி செல்லும் என்பது இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பார்க்குப் புலனாகும். அவ்வுண்மையை வில்சன் கண்டது ஏட்டில் அன்று, தம் வாழ்வில்.

பிறப்பும் இளமையும்

வேர்மொன்ற் மாநிலத்தில் ஈஸ்ற் டோர்செற் என்னும் மலையடிவாரச் சிற்றூரிலே, 1895ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், தம் தந்தைவழிப் பாட்டியாரின் விடுதியில் வில்சன் பிறந்தார். அவர் பிறந்த அறை அவ்விடுதியின் மதுச்சாலைக்குப் பின்புறத்தது என்பர். அவர்க்குப் பத்து வயதளவில் தந்தையும் தாயும் பிரிந்தனர். தந்தையார் மேற்றிசை நோக்கிப் போயினார். தாயார் மருத்துவம் பயிலப் பொஸ்டன் நகர் சென்றார். சிறுவனையும் தங்கையையும் தாய்வழிப் பாட்டனார் வளர்த்தார்.

பெற்றோர் இருந்தும் இல்லாத நிலை அவருள்ளத்தில் ஆழ்ந்த வடுவை உண்டாக்கிற்று. எதிலும் முதல்வனாதல் வேண்டும் என்னும் வேட்கை அதனின்றும் பிறந்தது. எறிந்தவனிடமே மீண்டுவரும் பூமராங் என்னும் எறிகோலை அவுஸ்திரேலிய ஆதிகுடிகளேயன்றிப் பிறர் செய்ய வல்லாரல்லர் எனப் பாட்டனார் ஒருநாள் கூற, சிறுவன் மாதக்கணக்காய் மரம் செதுக்கி அதனைச் செய்து எறிந்து காட்டினான். ஆயின் 1912இல், அவர் அன்பு கொண்டிருந்த சக மாணவி அறுவைச் சிகிச்சையின் பின் இறந்தபோது, அவ்வேட்கை முழுவதும் சரிந்தது. படிப்பில் மனம் செல்லவில்லை. நீண்ட காலம் சோர்வு அவரைப் பற்றியிருந்தது. துக்கத்தை ஆற்றுதற்கு அருகில் ஒருவருமிலராகிய இளைஞர் பின்னர் மதுவிடத்தே ஆறுதல் தேடியது வியப்பன்று.

வீழ்ச்சி

முதலாம் உலகப் போரின் பொருட்டு 1917இல் படைத்துறை அதிகாரியாகிய வில்சன், மசச்சூசெற்ஸ் மாநிலத்து நியூ பெட்போட் நகரில் இருந்தகாலை, செல்வர் மனையொன்றின் விருந்தில் முதன்முதல் மதுவருந்தினார். பிறரோடு பேசக் கூசியிருந்த அவர்க்கு அன்று நாவின் கட்டு அவிழ்ந்தது. தாமும் ஓர் இனத்தைச் சேர்ந்தவர் என்னும் உணர்வு முதன்முறையாகத் தோன்றிற்று. அவர் பின்னாளில் நிறுவிய குழுக்கள் அளித்தது அவ்வுணர்வையே என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். மது அதனை ஓரிரவுக்குக் கொடுத்து வாழ்நாளைப் பறித்தது.

புறூக்ளின் நகரத்து வைத்தியர் ஒருவரின் மகளாராகிய லொயிஸ் பேர்ணமை 1918 ஜனவரி 24இல் மணந்தார். போரினின்று மீண்டபின் சட்டம் பயின்றார். குடியின் காரணமாகச் சான்றிதழைப் பெறாமலே விட்டார். பங்குச் சந்தையிற் புகுந்து, 1925இல் மனைவியாரைப் பக்கத்தொட்டியில் அமர்த்தி மோட்டார்ச் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று, தொழிற்சாலைகளின் உண்மை நிலையை ஆராய்ந்து முதலீட்டாளர்க்கு அறிவித்துப் பெரும் பொருள் ஈட்டினார். 1929இல் பங்குச் சந்தை வீழ்ந்தது, அவரும் வீழ்ந்தார். மாமனார் மனையில் ஒதுங்கி வாழவும், மனைவியார் பல்பொருள் அங்காடியிற் பணிபுரிந்து கொணரும் ஊதியத்தையே உண்ணவும் நேர்ந்தது. இனிக் குடியேன் எனப் பலமுறை உறுதி எழுதிக் கொடுத்தும் ஒன்றேனும் நிலைக்கவில்லை.

நியூயோர்க் நகரத்து ரவுண்ஸ் வைத்தியசாலையில் 1933இலும் 1934இலும் அவர் நான்கு முறை சேர்க்கப்பட்டார். ஆங்கிருந்த வைத்தியர் வில்லியம் சில்க்வேர்த், குடிமயக்கம் ஒழுக்கக் கேடு மட்டுமன்று, உடலும் உள்ளமும் ஒருங்கே உற்ற நோய் எனக் கருதியவர். முதற்கிண்ணத்தை நாடச் செய்வது உள்ளத்து ஆவல். அருந்தியபின் நிறுத்தவொட்டாது தடுப்பது உடலின் இயல்பு என அவர் விளக்கினார். தாம் கெட்டவர் அல்லர், நோயாளர் என்று அறிந்தது வில்சனுக்கு ஆறுதல் அளித்ததேயன்றி விடுதலை அளிக்கவில்லை. அறிந்த பின்னும் அவர் குடித்தார்.

நண்பர் வருகை

1934 நவம்பரில் எபி தாச்சர் என்னும் பழைய நண்பர் அவரைக் காண வந்தார். வில்சனோடு பல்லாண்டு கூடிக் குடித்தவர் அவர். வில்சன் மதுவை நீட்ட, அவர் வேண்டாமென மறுத்தார். ஒக்ஸ்போட் குழு எனப்பட்ட சமயக் கூட்டத்தாரிடம் சேர்ந்து, குற்றங்களை ஒப்புக்கொண்டு, இழைத்த தீங்கிற்கு ஈடு செய்து, பிறர்க்கு உதவித் தெளிந்திருப்பதாகத் தெரிவித்தார். சமயப் போதனையில் வில்சனுக்கு நாட்டமில்லை. ஆயின் போதித்தவர் தம்மைப்போலவே வீழ்ந்து கிடந்தவர் என்னும் உண்மையை அவரால் மறுக்க முடியவில்லை.

டிசெம்பர் 11ஆம் நாள் நான்காம் முறையாக வைத்தியசாலை சேர்ந்தார். அன்றே அவர் மது அருந்திய கடைசி நாள். ஆங்கே, கடவுள் உளராயின் காட்சி தருக என மனமுடைந்து வேண்டியபோது அறை முழுவதும் ஒளி நிறைந்ததாகவும், மலையுச்சியில் தூய காற்று வீசினாற்போல உணர்ந்ததாகவும் அவர் பின்னர் கூறினார். சிகிச்சைக்கு வழங்கிய மருந்துகளின் விளைவே அஃதென்பாரும் உளர். எவ்வாறாயினும், அதன்பின் முப்பத்தாறு ஆண்டு அவர் மதுவைத் தொடவில்லை.

அந்நண்பர் எபியோ மீண்டும் பலமுறை குடியில் வீழ்ந்தார். விளக்கேற்றியவர் கையில் விளக்கு அணைந்தது. வில்சன் அவரை இகழ்ந்தாரல்லர். 1966இல் அவர் இறக்குமளவும் தம்மை வழிப்படுத்தியவராகவே மதித்து உதவிவந்தார்.

அக்கிரன் நகரில்

வைத்தியசாலையினின்று வெளிவந்த வில்சன், ஐந்து மாதம் குடிகாரர் பலரைத் தேடித்தேடித் தாம் கண்ட ஒளியைப் போதித்தார். ஒருவரேனும் திருந்தவில்லை. மனஞ்சலித்த அவர்க்கு லொயிஸ் அம்மையார் ஓர் உண்மையைச் சுட்டிக் காட்டினார்: பிறர் திருந்தாவிடினும் அவர் குடியாதிருக்கின்றாரே என்பது அது. வைத்தியர் சில்க்வேர்த்தும், போதனையை விடுத்து நோயின் தன்மையை முதலிற் கூறுமாறு அறிவுறுத்தினார்.

1935 மே மாதத்தில் ஒரு வணிக முயற்சியின் பொருட்டு ஒகாயோ மாநிலத்து அக்கிரன் நகருக்குச் சென்றார். முயற்சி தோற்றது. கையிற் பணம் அருகியிருந்தது. ஊரில் அறிந்தார் ஒருவருமிலர். மே 11ஆம் நாள், சனிக்கிழமை மாலை, மேபிளவர் ஹோட்டலின் முன்மண்டபத்தில் தனியராய் உலாவினார். ஒரு பக்கம் மதுச்சாலை, அங்கே சிரிப்பொலி. மற்றொரு பக்கம் தொலைபேசி. அதன் அருகே நகரத்துத் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியல். மதுச்சாலையுட் புகின் ஐந்து மாதத் தவமும் அழியும் என்று அஞ்சியபோது, தமக்கு வேண்டுவது அறிவுரையன்று, துன்புறும் மற்றொரு குடிநோயாளரே என்பது அவர்க்குத் தெளிவாயிற்று.

பட்டியலிற் கண்ட பாதிரியார் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துத் தம் நிலையை ஒளியாது கூறினார். அவர் சிலர் பெயரைக் கொடுத்தார். ஒருவர் பின் ஒருவராக அழைத்துச் சென்று, முடிவில் ஹென்றியெற்றா சைபர்லிங் என்னும் அம்மையாரை அடைந்தார். குடிநோயால் நலிந்திருந்த ஒரு வைத்தியரின் பொருட்டு அவ்வம்மையார் முன்னரே வேண்டுதல் செய்துவந்தவர். ஆகலின் மறுநாளே இருவரையும் தம் இல்லத்தில் சந்திக்கச் செய்தார்.

அவ்வைத்தியர் றொபேட் சிமித். 1879இற் பிறந்தவர், வில்சனைப்போலவே வேர்மொன்ற் மாநிலத்தவர், அறுவைச் சிகிச்சை நிபுணர். குடியின் தீமையை அவரினும் அறிந்தார் யார்? இரண்டரை ஆண்டுகளாக ஒக்ஸ்போட் குழுவாரோடு கூடியும் வேண்டியும் நூல்கள் பயின்றும் குடியை விட்டாரில்லை. கால்மணி நேரமே இருப்பேன் என மனைவியாரிடம் சொல்லிக்கொண்டு வந்தவர், மாலை ஐந்து மணி முதல் இரவு பதினொரு மணி கடந்தும் இருந்தார். வில்சன் அவரைத் திருத்த முயலவில்லை. தம் கதையையே கூறினார். தாம் குடியாதிருத்தற்கு அவருடைய துணை தமக்கு வேண்டும் என்றார். உதவ வந்தவரே உதவி வேண்டி நின்ற அப்புதுமை சிமித்தின் உள்ளத்தைத் திறந்தது.

அதன் பின்னும் அவர் ஒருமுறை தவறினார். வைத்தியர் மாநாடொன்றிற்குச் சென்று குடித்து மீண்டார். வில்சன் அருகிருந்து தேற்றினார். ஓர் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிய காலையில், கைநடுக்கம் தீரச் சிறிது பியர் அருந்திச் சென்றவர், பணி முடிந்தபின் மதுச்சாலைக்குச் செல்லாது, தாம் தீங்கிழைத்தோர் வீடுதோறும் சென்று மன்னிப்பு வேண்டினார். அதன்பின் 1950 நவம்பர் 16இல் இறக்குமளவும் அவர் குடிக்கவில்லை. அவர் கடைசியாக அருந்திய நாளெனக் கொள்ளப்படும் 1935 ஜூன் 10ஆம் நாளையே இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகின்றனர்.

இருவரும் உடனே மூன்றாமவரைத் தேடினர். நகர வைத்தியசாலைக்குத் தொலைபேசியிற் பேசி, தாதியரை அடித்தமையாற் கட்டிலோடு கட்டப்பட்டிருந்த சட்டத்தரணி ஒருவரை அறிந்தனர். படுக்கையருகே சென்றமர்ந்து தத்தம் கதைகளைக் கூறினர். அவரும் எழுந்து வெளிவந்து மீளக் குடியாது வாழ்ந்தார். இருவர் மூவராயினர், முதற் குழு தோன்றிற்று.

இயக்கம் வளர்ந்த முறை

நியூயோர்க் மீண்ட வில்சன், புறூக்ளின் வீட்டில் வாரந்தோறும் கூட்டம் நடத்தினார். போக்கிடமற்ற குடிகாரர்க்கு அவ்வீட்டிலேயே உணவும் உறைவிடமும் அளித்தனர் கணவனும் மனைவியும். அவருட் பலர் தெளியவில்லை. ஒருவர் அவ்வீட்டிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1937 இறுதியில் இரு நகரங்களிலும் தெளிந்திருந்தோரைக் கணக்கிட்டபோது நாற்பதின்மர் அளவே இருந்தனர்.

ஊதியத்தோடு குடிநோயர்க்கு ஆலோசகராகுமாறு ரவுண்ஸ் வைத்தியசாலை அவரை அழைத்ததுண்டு. வறுமையில் வாடிய அவர் மகிழ்ந்தார். ஆயின் குழுவினர், அன்பினால் இலவசமாக அளிப்பதை விலைக்கு விற்றலாகாது எனத் தடுத்தனர், அவர் பணிந்தார். 1938இல் செல்வர் ஜோன் றொக்பெல்லரிடம் பெரும் பொருள் வேண்டினர். பணம் இப்பணியைக் கெடுக்கும் என அஞ்சிய அச்செல்வர் 5,000 டொலரே ஒதுக்கினார். அம்மறுப்பு நன்மையாகவே முடிந்தது.

1939 ஏப்பிரலில் இயக்கத்தின் நூல் வெளிவந்தது. தம்மால் இயலாமையை ஒப்புக்கொள்ளுதல், தாம் அறிந்தவாறு கடவுளிடம் ஒப்படைத்தல், குற்றங்களை ஆராய்தல், ஈடு செய்தல், பிறர்க்கு உதவுதல் முதலிய பன்னிரு படிகளை அஃது உரைத்தது. அந்நூலின் பெயராகிய அல்ககோலிக்ஸ் அனோனிமஸ் என்பதே இயக்கத்தின் பெயருமாயிற்று. பெயர் வெளியிடாத குடிநோயர் என்பது அதன் பொருள். அதே மாதத்தில் வில்சன் தம்பதியர் குடியிருந்த வீடு ஈட்டுக் கடனில் போயிற்று. இரண்டாண்டு நண்பர் மனைகளில் மாறிமாறி வாழ்ந்தனர்.

1941 மார்ச்சு முதலாம் நாள் புகழ்பெற்ற அமெரிக்க வார இதழொன்று இக்குழுக்களைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான கடிதங்கள் நியூயோர்க் அலுவலகத்திற் குவிந்தன. தம் ஊரில் இத்தகைய குழு உண்டோ என்பதே அவற்றில் எழுந்த கேள்வி. குழு இருந்த ஊராயின் அதன் முகவரி அனுப்பப்பட்டது; இல்லாத ஊராயின் நூலும் கடிதமும் சென்றன. வணிகத்தின் பொருட்டு ஊர்செல்லும் உறுப்பினரும் அவ்வவ்விடத்தாரைத் தேடிக் கண்டனர். கடலோடிகளும் தனித்துறைந்தோரும் கடிதத்தின் வாயிலாகவே துணை பெற்றனர். குழு இல்லையே என ஏங்குவோன் மற்றொரு நோயாளனைத் தேடுவானாயின் அவ்விருவருமே குழு என்பது இயக்கத்தார் கொள்கை. அவ்வாண்டின் தொடக்கத்தில் 2,000 அளவிலிருந்த உறுப்பினர் ஆண்டிறுதியில் 8,000 அளவினராயினர்.

புகழைத் துறத்தல்

குழுக்கள் பெருகப் பெருகப் பூசலும் பெருகிற்று. அவற்றையெல்லாம் நோக்கி வில்சன் பன்னிரு மரபுகளை வகுத்தார். குடியை விடும் விருப்பம் ஒன்றே உறுப்பினராதற்குத் தகுதி, கட்டணம் இல்லை, புறத்தாரிடம் பொருள் பெறுதல் இல்லை, அரசியல், சமயப் பூசல்களிற் கருத்துரைத்தல் இல்லை, பத்திரிகை முதலியவற்றில் உறுப்பினர் முழுப்பெயர் வெளியிடல் இல்லை. 1950இல் கிளீவ்லண்ட் மாநாடு இவற்றை ஏற்றது. 1954இல் யேல் பல்கலைக்கழகம் அளிக்க முன்வந்த கௌரவப் பட்டத்தையும் வில்சன் மறுத்தார். 1955இல் சென்ற் லூயிஸ் மாநாட்டில் தலைமைப் பொறுப்பை உறுப்பினரின் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்தார். முதல்வனாதலையே இளமையில் வேட்டவர் முதன்மையைத் துறந்தமை அவர் வெற்றிகளுள் தலையாயது என்பேன்.

அவரைக் குற்றமற்றவர் எனல் உண்மையாகாது. 1944 தொடக்கம் ஏறத்தாழப் பதினோராண்டு கடுஞ்சோர்வு அவரை வருத்தியது; உளமருத்துவரை அவர் நாடினார். எல்எஸ்டி என்னும் மருந்தை 1956இல் உட்கொண்டு ஆராய முற்பட்டமை இயக்கத்தாரிடையே கண்டனத்துக்குள்ளாயிற்று. மனைவியாரிடம் முழு உண்மையோடு ஒழுகினாரல்லர் என்றும் வரலாற்றாசிரியர் பதிந்துள்ளனர். குறையுடையார் குறையுடையார்க்குத் துணையாதல் கூடும் என்பதற்கு அவரே சான்று.

லொயிஸ் அம்மையார்

குடிகாரர் மனையில் வாழ்வோர் துன்பம் குடிப்பவர் துன்பத்திற்குக் குறைந்ததன்று. வகுப்பறையில் வீட்டு வேலை செய்யாது வந்து தலைகவிழ்ந்து நிற்கும் மாணவனின் மௌனத்துக்குப் பின்னால் அத்துன்பம் நிற்பதை ஆசிரியர் பலர் அறிவர். கணவர் தெளிந்தபின்னும் தம் உள்ளத்துக் கசப்பு தீராமை கண்ட லொயிஸ், குடும்பத்தார்க்கும் தனித்துணை வேண்டும் என உணர்ந்து, 1951இல் அல்-அனோன் என்னும் குடும்பக் குழுக்களை ஒருங்கிணைத்தார். அவர் 1988 வரை வாழ்ந்தார்.

இந்நெறி குடியோடு நின்றதன்று. போதைப்பொருளுக்கு அடிமையானோர் 1953இலும் சூதுக்கு அடிமையானோர் 1957இலும் கலிபோர்னியாவில் இவ்வாறே கூடத் தொடங்கினர். இங்கிலாந்தின் கொவென்றி நகரில், ஒரே வைத்தியசாலையில் மைந்தரை இழந்த இரு குடும்பத்தார் ஒருவரையொருவர் தேற்றக்கண்ட இளங்குருவாகிய சைமன் ஸ்ரீபன்சின் முயற்சியால், 1969இல் மக்களைப் பறிகொடுத்த பெற்றோர்க்கான சங்கம் எழுந்தது. நம்மூரில் இழவு வீட்டிற்கு அந்தியேட்டி வரை சுற்றமும் அயலும் திரண்டு வரும். அதன்பின் வீடு வெறிச்சோடும். துக்கமோ அப்பொழுதுதான் முழுமையாகத் தொடங்கும். அவ்வேளையிற் கதவைத் தட்டத்தக்கவர் முன்னரே அத்துக்கத்தைக் கடந்து வந்தவர்.

இறுதி

புகைத்தலை நெடுங்காலம் விடாத வில்சன் நுரையீரல் நோயுற்றார். இறுதி நாட்களில் அவர் விஸ்கி கேட்டதாகத் தாதியர் குறிப்புகளைக் கண்ட பிற்கால வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். அது கொடுக்கப்படவில்லை. முப்பத்தாறு ஆண்டின் பின்னும் அந்நோய் உள்ளே உறங்கியிருந்தது என்பதையும், நாடோறும் துணை வேண்டும் என அவர் வற்புறுத்தியது எத்துணை உண்மை என்பதையும் அச்செய்தி காட்டும். 1971 ஜனவரி 24ஆம் நாள், தம் மணநாளன்றே, மயாமி நகரில் அவர் உயிர் நீத்தார். பிறந்த ஊரிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.

இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் இவ்வியக்கத்தின் குழுக்கள் கூடுகின்றன, இலங்கையிலும் உள. கொக்ரேன் ஆய்வுக்குழுவினர் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு, முற்றாகக் குடியை விட்டிருத்தலில் இவ்வழி பிற சிகிச்சைகட்கு இளைத்ததன்று, சிலவற்றினும் மேம்பட்டது எனக் கண்டது. ஆயினும் இஃது எல்லார்க்கும் பொருந்தும் என்பதில்லை. பெருங்குடியைத் திடீரென நிறுத்துதல் உயிர்க்கு ஊறாகலாம். ஆதலின் முதலில் வைத்தியரை நாடுதல் வேண்டும். வில்சனும் வைத்தியரோடு இணைந்தே பணியாற்றினார்.

ஆசிரியரும் மாணவரும் இவ்வரலாற்றினின்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. நம் ஊரில் இத்தகைய குழு எங்கே கூடுகின்றது என்பதை வைத்தியசாலையிலும் ஆலயத்திலும் தேவாலயத்திலும் கேட்டறிந்து வைத்திருத்தல் நம்மனோர் கடன். வில்சன் அக்கிரன் நகரில் அழைத்தபோது, வியந்து விட்டுவிடாது பெயர்களைக் கொடுத்த ஒரு பாதிரியாரும், வீட்டைத் திறந்துவிட்ட ஓர் அம்மையாரும் இருந்தனர். அவ்விருவரும் குடிநோயர் அல்லர். ஒருவர் இருக்குமிடத்தை மற்றவர்க்குக் காட்டியவர்களே. நாம் செய்யக்கூடியது அத்துணையே. அவ்வளவு செய்யினும் போதும்.